மீட்சி என்றால் என்ன?



நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் ஒரு சொல்லைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் 'தேறிவிட்டான்' என்கிறோம். அதே பிள்ளை பரீட்சையில் வெற்றி பெற்று வந்தாலும் 'தேறிவிட்டான்' என்கிறோம். துக்க வீட்டுக்குப் போனால் 'மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு வருகிறோம். அடகுக் கடையில் இருந்த சங்கிலியை வட்டியும் முதலும் கட்டி எடுத்து வந்தால் 'மீட்டுவிட்டேன்' என்று பெருமூச்சு விடுகிறோம். உடம்பு, படிப்பு, மனம், பொருள் என்று எதை எடுத்தாலும் இழந்தது திரும்புவதற்கு நம் மொழியில் தேறுதல், மீளுதல் என்ற சொற்கள் உண்டு. இவற்றைத்தான் படித்தவர்கள் 'மீட்சி' என்கிறார்கள்.

ஆனால், சங்கிலி வீட்டுக்கு வந்துவிட்டால் மட்டும் கஷ்டம் தீர்ந்துவிட்டதாகுமா? சங்கிலியை அடகு வைக்கச் செய்த குறை வீட்டில் அப்படியே இருந்தால், அடுத்த மாதமே அது மீண்டும் கடைக்குப் போய்விடும். ஆகவே மீட்சி என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். திரும்பி வந்தது எது? யாருக்குத் திரும்பியது? அதைப் பறித்த காரணம் நீங்கியதா?

இந்த மூன்று கேள்விகளோடு நம் தோட்டங்களின் வரலாற்றை ஒரு முறை திரும்பிப் பார்ப்போம். மரம், காய்ச்சல், கூலி, போர், நிலம் ஆகிய ஐந்தும் நமக்கு ஐந்து பாடங்களைச் சொல்லும்.

மரம்

முதலில் மரத்தை எடுத்துக்கொள்வோம். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அவற்றுள் முளைத்தவை சிலவே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன.

மரம் வந்ததே தவிர, அதிலிருந்து பால் எடுக்கும் முறை சரியாகத் தெரியவில்லை. அமேசான் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுப்பார்கள். கோடரி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும். காயம் ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காகப் பால் எடுக்க முடியாது.

1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக வந்த எச். என். ரிட்லி இதை மாற்றினார். கோடரியை விடுத்து, பட்டையை மெல்லியதாகச் சீவி, அடுத்த முறை அதே கோட்டின் கீழ்விளிம்பில் இன்னொரு சீவல் எடுத்துப் பார்த்தார். மரம் சாகவில்லை. பாலும் கூடியது. சீவிய இடத்தில் புதிய பட்டையும் வளர்ந்தது. ரப்பர் பயிரிடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் அவர் ஓயாமல் சொல்லி வந்ததால், அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றே அழைத்தார்களாம். அவர் நூறு வயது வரை வாழ்ந்து, 1956இல் மறைந்தார்.

அந்தப் பட்டை எப்படி வளர்கிறது? பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் காகிதம் போல் மெல்லிய உயிருள்ள படலம் ஒன்று இருக்கிறது. உட்புறம் மரத்தையும் வெளிப்புறம் பட்டையையும் உண்டாக்குவது அதுதான். கத்தி அதைத் தொடாமல் நின்றால் பட்டை மீளும். தொட்டுவிட்டால் காயம் புடைத்துவிடும். மரம் வெட்டிய கைகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 'மரத்தைக் காயப்படுத்தாதே' என்று கங்காணி போட்ட சத்தத்தின் உட்பொருள் இதுதான்.

புதுப்பட்டை மறுபடி வெட்டுக்குத் தயாராகப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் ஒரு பக்கம் வெட்டும்போது மறுபக்கத்தை ஆறவிடுகிறார்கள். ஒரு நாள் வெட்டி ஒரு நாள் விடுவதும் இதற்காகத்தான். வடிந்த பாலை மரம் உள்ளே மறுபடி சுரக்க அந்த ஒரு நாள் ஓய்வு வேண்டும். ஆசைப்பட்டு ஓய்வில்லாமல் வெட்டினால், ஒரு காலையில் கோடு வறண்டு நிற்கும். மரம் பச்சையாகவே இருக்கும், இலையும் இருக்கும், மங்கில் மட்டும் ஒரு சொட்டும் விழாது. அப்படி வற்றிய மரங்களில் சில, ஓய்வு கொடுத்தாலும் தேறுவதில்லை.

மரம் சொல்லும் பாடம் இது: மீள்வதற்கு உயிர்ப்படலம் மிஞ்சியிருக்க வேண்டும், காலமும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மீட்சி இல்லை.

காய்ச்சல்

ரப்பருக்காகக் காடு வெட்டிய நாளில் நம் முன்னோரை வாரிக்கொண்டு போனது மலேரியாக் காய்ச்சல். 1911ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 60 பேர் இறந்தார்கள். காய்ச்சலோடு வயிற்றுக்கடுப்பும் சேர்ந்து கொன்றது. கப்பலில் வந்து இறங்கி ஓராண்டு முடியுமுன் மண்ணுக்குப் போனவர்களும் உண்டு.

காய்ச்சல் எதனால் வருகிறது என்பது அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான் தெளிவாகியிருந்தது. 1897 ஆகஸ்டு மாதத்தில், இந்தியாவின் செக்கந்தராபாத்தில், ரொனால்டு ரோஸ் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901இல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். அவ்வாண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், காய்ச்சல் தலைவிரித்தாடியது. வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தார், புதர்க்காட்டை வெட்டச் சொன்னார். அடுத்த ஆண்டே சாவு மளமளவென்று குறைந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். சமவெளியில் வென்ற அதே முறையை மலையோரத் தோட்டங்களில் செய்து பார்த்தார்கள். காட்டை வெட்டினார்கள். காய்ச்சல் குறையவில்லை, கூடியது! காரணம், கொசு ஒரே வகை அன்று. கடலோரத்துக் கொசு, நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும். மலையோரத்துக் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடை நீரை விரும்பும். காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதும் இந்தக் கொசுவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. பிறகுதான் ஓடை நீரைக் குழாய்கள் வழியே நிலத்துக்கு அடியில் ஓடவிட்டார்கள், ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள். முதுகில் தகரத்தைச் சுமந்துகொண்டு கால்வாய் கால்வாயாக மலேரியா எண்ணெய் அடித்துப் போனவர்களை, வயது முதிர்ந்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு தோட்டம் காய்ச்சலிலிருந்து மீண்டதா இல்லையா என்பதை வாட்சன் எப்படிக் கண்டுகொண்டார் தெரியுமா? லயத்துக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க விலாவுக்குக் கீழே மண்ணீரலைத் தடவிப் பார்த்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கும். எத்தனை குழந்தைகளுக்கு வீக்கம் இருக்கிறது என்று எண்ணினார். பெரியவர்கள் காய்ச்சலோடும் வேலைக்குப் போய்விடுவார்கள், பெரட்டில் நின்று 'ஆஜர்' சொல்லிவிடுவார்கள். குழந்தையின் வயிறு உண்மையைச் சொல்லிவிடும். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தைவிட அதுவே நல்ல சாட்சியாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. மலேரியாக் கிருமிகளில் ஒரு வகை, காய்ச்சல் விட்ட பிறகும் ஈரலில் மறைந்து கிடக்கும். பல வாரங்கள், பல மாதங்கள் கழித்து மறுபடி கிளம்பும். குளிர் நின்றது, வேர்வை விட்டது, பசி எடுத்தது, ஆகவே தேறிவிட்டான் என்று மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்கள் ஏமாந்து போனார்கள். காய்ச்சல் விடுவது ஒன்று, நோய் நீங்குவது வேறொன்று.

1901இல் தொடங்கிய அந்தப் போர் நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018ஆம் ஆண்டில் மலேசிய மண்ணில் ஒருவருக்கும் புதிதாகத் தொற்றவில்லை. ஆனாலும் காட்டோரத்தில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் இன்னொரு வகை மலேரியா ஒழிந்தபாடில்லை. காடும் தோட்டமும் சேரும் இடத்தில் வேலை செய்கிறவர்கள் காய்ச்சல் கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கூலி

மூன்றாவதாகக் கூலியைப் பார்ப்போம். 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. மோட்டார் வாகன விற்பனை படுத்தது, ரப்பர் விலையும் அதோடு படுத்தது. ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்றிருந்த நாட்கூலியை 1930 முதல் படிப்படியாக வெட்டினார்கள். வேலையே இல்லாமற் போனவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பல்லாயிரக்கணக்கானோர் வந்த வழியே வெறுங்கையோடு போனார்கள்.

1934இல் ரப்பர் விளையும் நாடுகள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள ஓர் உடன்பாடு செய்துகொண்டன. விலை ஏறத் தொடங்கியது. பொருளாதாரம் மீட்சி பெற்றுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பங்குக்காரர்களுக்கு இலாபமும் வந்தது. கூலி மட்டும் உடனே பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 1936ஆம் ஆண்டின் கடைசியில் இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரி இங்கு வந்து, தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, பழைய 50 காசு, 40 காசைத் திருப்பித் தர வேண்டும் என்று பரிந்துரை செய்தார். 1937இல் கூலி உயர்ந்தது. 1938இல் ரப்பர் விலை மறுபடி இறங்கியதும் கூலியிலும் கைவைத்தார்கள். இதையொட்டி இந்திய அரசு, உதவிப் பணத்தில் தொழிலாளர் இங்கு வருவதை அந்த ஆண்டிலேயே நிறுத்திவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விலை இறங்கும்போது கூலி கூடவே ஓடி இறங்கியது. விலை ஏறும்போது கூலி பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. 'நாடு தேறிவிட்டது' என்ற செய்தி உண்மையாக இருக்கலாம். அந்த நாட்டில் உள்ள ஒரு லயத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பது தனிக் கேள்வி. பெண்ணின் உழைப்புக்குப் பத்துக் காசு குறைவு என்ற பழைய அநீதியும் அந்த மீட்சிக்குள்ளேயே ஒளிந்திருந்தது என்பதையும் நம் தாய்மார்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் வைத்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்பது அது. காசு மட்டும் திரும்பினால் போதாது, மனித மதிப்பும் திரும்ப வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அரசு ஆயுதத்தைக் கொண்டு அந்தப் போராட்டத்தை அடக்கியது. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. ஆனால் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற எண்ணத்தை அடக்க முடியவில்லை.

போர்

அடுத்த சில மாதங்களில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். 1942 முதல் 1945 வரை மூன்றரை ஆண்டுகள். ரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக் கிழங்கே சோறானது. தோட்டத்து ஆண்களை சயாம் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. வேலைக்குப் போன பல்லாயிரம் தமிழர்கள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியானார்கள். பலருக்குக் கல்லறைகூட இல்லை.

அதே மூன்றரை ஆண்டுகளில் தோட்டத்து மரங்கள் என்ன செய்தன? பெரும்பாலான மரங்களை யாரும் வெட்டவில்லை. அவை ஓய்வெடுத்தன. பட்டை நன்றாக வளர்ந்தது. போர் முடிந்து கத்தியை வைத்ததும் பால் பொங்கி வந்தது. 1947ஆம் ஆண்டிலேயே மலாயாவின் ரப்பர் உற்பத்தி போருக்கு முந்தைய அளவைத் தாண்டிவிட்டது. கணக்கு எழுதியவர்கள் 'தொழில் மீட்சி பெற்றது' என்று எழுதினார்கள்.

எண்ணிப் பாருங்கள் நேயர்களே. மரத்துக்கு மூன்றரை ஆண்டு ஓய்வு கிடைத்தது. மனிதனுக்கு மூன்றரை ஆண்டு தேய்வு கிடைத்தது. மரம் தேறியது. கணவன் திரும்பாத வீட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் வெட்டுக்குப் போன பெண் எந்தக் கணக்கில் தேறினாள்? பாலின் எடை ஏட்டில் ஏறியது. அவள் சுமந்த பாரத்தை எழுத அந்த ஏட்டில் இடமில்லை.

என்றாலும் அவள் அப்படியே ஓய்ந்துவிடவில்லை. போருக்குப் பின் தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் எழுந்தன. கெடாவில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் தொண்டர் படை என்ற இயக்கம் தோன்றியது. கள்ளுக்கடையை மூடச் சொல்லி அது போராடியது. சம்பள நாளன்று கூலி வந்த வேகத்தில் கள்ளுக்கடைக்குப் போய்விட்டால், எவ்வளவு கூலி உயர்ந்தும் வீடு மீளாது என்பது அந்த இளைஞர்களுக்குத் தெரிந்திருந்தது. நோயின் காரணத்தைத் தேடிப் போனவர்களில் அவர்களையும் சேர்க்க வேண்டும்.

நிலம்

கடைசியாக நிலம். 1950களிலும் 1960களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். துண்டான தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். பிள்ளைகளின் பள்ளியும் கோயிலும் அதோடு ஆட்டம் காணும்.

அப்போதுதான், 1960ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்ந்தார்கள். அந்தப் பத்து வெள்ளியை மிச்சம் பிடிக்க எத்தனை வீடுகளில் கறிச்செலவைக் குறைத்தார்களோ! விற்பனைக்கு வந்த தோட்டத்தை முழுத் தோட்டமாகவே தொழிலாளர் பணத்தில் வாங்குவதுதான் திட்டம். கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அதன் பின் மேலும் பல தோட்டங்கள் வந்தன. நேற்றுவரை கூலிக்காரர் என்று அழைக்கப்பட்டவர்கள் பங்குக்காரர் ஆனார்கள்.

இந்த மீட்சி மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கே பழைய நிலை திரும்பவில்லை, ஏனென்றால் அந்த நிலம் அவர்களுக்கு முன்பு சொந்தமாக இருந்ததே இல்லை. இழக்கவிருந்த வேலையையும் வீட்டையும் காக்கப் போய், முன்பு இல்லாத உரிமை ஒன்றை அவர்கள் பெற்றார்கள்.

எல்லாத் தோட்டங்களையும் சங்கம் காப்பாற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் நட்ட ஈடு வாங்கிக்கொண்டு வெளியேறின. ஒரே லயத்தில் இருந்தவர்கள் ஊருக்கொருவராகச் சிதறினார்கள். நட்ட ஈடு வீட்டுக்கான விலையாக இருக்கலாம். பிரசவத்துக்கு ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரியை அந்தப் பணம் திருப்பித் தரவில்லை. அந்த இழப்பிலிருந்து இன்னும் மீளாத குடும்பங்கள் உண்டு.

முடிவாக

அன்பார்ந்த நேயர்களே, தொடக்கத்தில் சொன்ன மூன்று கேள்விகளுக்கு வருவோம். திரும்பி வந்தது எது என்று கேளுங்கள். காய்ச்சல் விடுவது நோய் நீங்குவதாகாது. யாருக்குத் திரும்பியது என்று கேளுங்கள். விலை மீள்வது கூலி மீள்வதாகாது. காரணம் நீங்கியதா என்று கேளுங்கள். ஓடையை மூடாமல் மருந்து மட்டும் கொடுத்தால் அடுத்த மழைக்குக் காய்ச்சல் மறுபடி வரும்.

இவற்றோடு மரம் சொன்ன பாடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் நோயிலிருந்து எழுந்திருக்கலாம். ஒரு பிள்ளை பரீட்சையில் தவறியிருக்கலாம். ஒருவர் குடியை விட்டுச் சில வாரங்களே ஆகியிருக்கலாம். இன்னுமா தேறவில்லை என்று அவர்களை அவசரப்படுத்தாதீர்கள். புதுப்பட்டையில் நேற்றே கத்தி வைப்பவனை நல்ல வெட்டுக்காரன் என்று நாம் சொல்வதில்லை. அதே சமயம், உள்ளே உயிர்ப்படலம் இருக்கிறது என்ற நம்பிக்கையையும் கைவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் எதிலிருந்து எப்படி மீண்டார்கள் என்று கேட்டு, பிள்ளைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பால் எடையை எழுதிய ஏடுகள் எங்கோ பத்திரமாக இருக்கின்றன. அந்த ஏடுகள் எழுதாமல் விட்ட கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.